பலமுறை இறந்தவரின் மரண அறிவித்தல்

கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் இருக்க ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பந்தியில் நான் வாயைத் திறந்து "சோறு காணும், போதும்" என்று சொன்னால், எதிரே இருப்பவர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். அவருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். ரொறன்ரோவின் தமிழ் வானொலி ஒன்றில் காலை எட்டு மணிக்கு மரண அறிவித்தல் வாசிக்கிறவள் நான். நெடுங்காலமாக அதுதான் என் தொழில். ஒருமுறை ஒருவர் கையைக் கூப்பிக்கொண்டு, "அக்கா, குறை நினையாதையுங்கோ, உங்கட குரலைக் கேட்டாலே ஆர் செத்தது எண்டுதான் கேக்க வருது" என்றார். நான் குறை நினைக்கவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூச்சும் நிதானமும் போதும். குளிர்காலத்தில் நான் வீட்டை விட்டு இறங்கும்போது தெரு முழுவதும் நீலமாக இருக்கும். பனிக்குள் கார் மெல்ல ஊர்ந்து போகும். வைப்பர் இரண்டும் ஆடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு வாசிக்கவேண்டிய ஊர்ப்பெயர்கள் வாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காரைநகரைப் பிறப்பிடமாகவும் பிறம்ரனை வதிவிடமாகவும். மன்னாரைப் பிறப்பிடமாகவும் ஸ்ரௌவ்வில்லை வதிவிடமாகவும். கடலும் நெடுஞ்சாலையும் ஒரே மூச்சுக்குள் வந்துபோகும். பாதித் தூக்கத்தில் அதைச் சொல்லிக்கொண்டு ஓட்டும்போது, பிறப்பதும் இறப்பதும் வீடு மாறுகிற காரியம் போலத் தோன்றும். ஸ்ரூடியோ வாசலில் பனி உருக உப்புத் தூவிய படியில் கால் வைத்ததும் அந்த மயக்கம் கலைந்துவிடும்.

அந்த வெள்ளைக்காரப் பெண்மணியை நான் முதலில் பார்த்தது எங்கள் ஸ்காபுரோ கட்டடத்தின் எலிவேற்றரில். எண்பது வயது இருக்கும். வோக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே கொதிக்கிற யூலை மாதம், அவர் கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருந்தது. "எந்த மாடி?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அவர் தலையைச் சாய்த்து என் வாயையே பார்த்தார்.

அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

"நீர்தான் அது. காலமையில றேடியோவில பாடுறது நீர்தான்."

"நான் பாடுறேல்லை. வாசிக்கிறன்."

"உமக்குத் தெரியாது. நீர் பாடுறீர்."

அவரைக் குளிப்பாட்டிப் பராமரிக்க ஒரு தமிழ்ப் பெண் காலையில் வருவாளாம். சமையலறையில் பாத்திரம் கழுவும்போது அவள் எங்கள் வானொலியைப் போடுவாள். இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தாழத் தொடங்கி, மெல்ல ஏறி, நீண்ட நீண்ட வரிகளாகப் போய், ஒவ்வொரு வரியும் ஒரே இடத்தில் வந்து இறங்குகிறது என்றார். கையால் அதைக் காற்றில் வரைந்தும் காட்டினார். "ஒவ்வொரு நாளும் மெட்டு ஒண்டுதான், சொல்லுகள்தான் வேறை. அது என்ன, பழைய கதையோ? சாமிப் பாட்டோ?"

என் மாடி வந்துவிட்டது. நான் ஒரு காலை வெளியே வைத்தபடி, யோசிக்காமல், "செத்த ஆக்களின்ர பேர்" என்று சொல்லிவிட்டேன். கதவு எங்கள் இருவருக்கும் நடுவில் மூடிக்கொண்டது.

வாயை அடக்கத் தெரியாதவள் என்று என் வீட்டில் எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. ஒரு கிழவியைக் காலங்காத்தால சாவுச் செய்தி கேட்டு ரசிக்கிறாய் என்று சொல்லி வெருட்டிவிட்டேனே என்று இரண்டு நாட்கள் மனம் சரியில்லை. பிறகு அந்தப் பராமரிக்கிற பெண் கதவைத் தட்டினாள். "அக்கா, மேலை இருக்கிற அம்மா உங்களைத் தேத்தண்ணிக்கு வரச்சொன்னவ. சிரிச்சுச் சிரிச்சு அவவுக்கு இருமல் வந்திட்டுது" என்றாள்.

ஞாயிறு பின்னேரம் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "நான் எத்தினை தரம் செத்திருக்கிறன் தெரியுமோ? ஒருத்தரும் எனக்கு ஒண்டும் வாசிக்கேல்லை!"

அன்றைக்குத்தான் அவர் ஒப்பெரா என்ற இசைநாடகத்தில் பாடுகிறவர் என்று தெரிந்துகொண்டேன். எல்லாவற்றிலும் உயரமான பெண்குரல் அவருடையது. அந்தக் குரல் உள்ளவர்களுக்கு மேடையில் சாவது எழுதி வைத்த விதியாம். சயரோகம் வந்து சாகவேண்டும், விஷம் குடித்துச் சாகவேண்டும், கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கவேண்டும். எல்லாவற்றையும் பாடிக்கொண்டே செய்யவேண்டும். "சாகிறதுக்குத்தான் நல்ல மூச்சு வேணும்" என்றார். பிறகு, கேட்காமலே, நான் 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுக்கிறேன் என்றும் அது அவசரம் என்றும் சொன்னார். சொல்லின் பொருள் தெரியாது, ஒலியை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் வாசிக்கிறவளுக்கு இவர் யார் சொல்ல? மறுநாள் காலையில் ஒருவருக்கும் தெரியாமல் அவர் சொன்னபடி செய்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அதன்பிறகு ஞாயிறுகள் எல்லாம் அங்கேதான். என் நினைவில் அந்த வருடம் ஒரே ஒரு நீண்ட பின்னேரமாகக் கிடக்கிறது. யன்னலுக்கு வெளியே முதலில் மேப்பிள் இலைகள், பிறகு பனி. ஹீற்றர் டிக் டிக் என்று சூடாகும் சத்தம். அவர் தன் சீவியத்தை ஒழுங்காகச் சொன்னதில்லை. துண்டு துண்டாக, பாதி கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். நான் பாதி கேட்பேன், பாதி காண்பேன்.

இங்கிலாந்தின் வடக்கே, மழை விடாத ஒரு துறைமுகப் பட்டினம். தகப்பன் பஸ் கொண்டக்டர். தரிப்பிடங்களின் பெயரை அவர் பாட்டாகவே கூப்பிடுவாராம், இறங்கவேண்டியவர்கள் அதைக் கேட்டு இறங்காமல் இருந்துவிடுவார்களாம். சின்னக் கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் கூட்டுப்பாடல். அங்கே யாரோ கேட்டு, லண்டனில் இசை படிக்க உதவிப் பணம் கிடைத்தது. பகலில் பாட்டு, இரவில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவல். பிறகு ஊரூராகப் போகும் ஒரு குழு. திரைச்சீலையும் ராணியின் முடியும் பாடகர்களும் ஒரே பஸ்ஸில் போவார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவர், தோழியாகி, கடைசியில் சாகிறவளானார். பெரிய நகரங்கள் வந்தன. ஒரு குளிர்காலம் பாடுவதற்கென்று ரொறன்ரோவுக்கு வந்தவர், வாத்தியக் குழுவில் கொம்பு ஊதிய ஒரு கனடாக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். தங்கிவிட்டார் என்றால் பெட்டி இங்கே தங்கியது. ஆள் பாதி வருடம் ஐரோப்பாவில்.

ஒருநாள் பனி கனக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. "முழுக்குரல் போயிட்டுது. ஆனா ஒத்திகையில நாங்கள் முழுக்குரல் விடுறேல்லை. தொட்டுத் தொட்டுப் பாடுவம். அப்பிடிக் காட்டுறன்" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் கம்பளியும் கையில் தேநீர்க் கோப்பையுமாகக் கதிரையில் இருந்தபடியே தன் சாவுகளில் ஒன்றைப் பாடினார். அதைப் பாட்டென்றுகூடச் சொல்லமுடியாது. மூச்சில் கொஞ்சம் இசை ஒட்டியிருந்தது. எட்டாத இடங்களில் விரலை மட்டும் உயர்த்தினார். அந்த விரல் உயர்ந்தபோதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. சமையலறை இருண்டு, கம்பளி வெள்ளை உடுப்பாகி, பனிக்குப் பின்னால் ஆயிரம் பேர் மூச்சடக்கிக்கொண்டு இருந்தார்கள். பிறகு அவர் கோப்பையை வைத்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆறிப்போன ரோல்ஸை அவர் எனக்கே திருப்பி நீட்டினார்.

அதற்குப் பிறகுதான் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. நாடகசாலைகளில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு புத்தகம் அடிப்பார்களாம். அதில் பாடகர் ஒவ்வொருவருக்கும் ஏழெட்டு வரியில் ஒரு பந்தி. தன் பந்தியை அவர் மனப்பாடமாகச் சொன்னார். எங்கே படித்தார், எந்த நகரத்தில் எந்த வேடம், யாருடைய தலைமையில் பாடினார் என்று போய், 'இப்போது ரொறன்ரோவில் வசிக்கிறார்' என்று முடிந்தது.

"அதில ஆரின்ர மகள் எண்டு வராதோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"புருசன், பிள்ளையள்?"

"வராது. உம்மட அறிவித்தலில ஆள் என்ன வேலை செய்தவர் எண்டு வருமோ?"

"ஒரு சொல்லு வரும். ஓய்வுபெற்ற ஆசிரியை, தபாலதிபர், அவ்வளவுதான். மிச்சம் முழுக்க ஆருக்கு ஆர் எண்டதுதான். ஆரின்ர மகள், ஆரின்ர மனுசி, ஆரின்ர தாய், ஆரின்ர மச்சாள்."

அவர் மேசையில் கிடந்த பேனையை என் பக்கம் தள்ளினார். "அப்ப எனக்கு ஒண்டு எழுதும்" என்றார்.

"உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு நாங்கள் எழுதுறேல்லை."

"எனக்குச் செத்துப் பழக்கம். நீர் எழுதும்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. இதயம் களைத்துவிட்டது, அடுத்த கோடை சந்தேகம் என்று டொக்டர் சொல்லியிருந்ததை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். நான் அவர் சமையலறை மேசையிலேயே எழுதினேன். இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும் கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற பாடகி. இறைவனடி சேர்ந்தார் என்று போடுவதா, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று போடுவதா என்று கேட்டேன். இரண்டும் தனக்குச் சரிவராது என்றார். 'காலமானார்' என்று எழுதி அதன் பொருளைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. பஸ் கொண்டக்டரையும் மனைவியையும் 'காலஞ்சென்ற தம்பதிகள்' ஆக்கினேன். கொம்பு ஊதிய கணவரைப் போட்டேன். அடுத்த இடம் வந்தது.

"பிள்ளையள்?"

ஒரு பெயர் சொன்னார். சொல்லிவிட்டு உடனே கையை அசைத்தார். "அதை வாசிக்கேலாது. அவள் விடமாட்டாள்."

மகள் பிக்கரிங்கில் இருந்தாள். ஸ்காபுரோவிலிருந்து காரில் எவ்வளவு தூரம்! பல வருடமாகப் பேச்சில்லை. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தகப்பன் ஒருநாள் நாடகசாலைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தாய் மேடையில் செத்து விழுந்தார். பிள்ளைக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. அவள் வீரிட்டுக் கத்தியது மேடைவரை கேட்டது. செத்தவர் எழும்ப முடியாது, இசை முடியும்வரை கிடக்கவேண்டும். பிறகு திரை திறந்தது, தாய் எழுந்து வந்து பூச்செண்டோடு சனத்தை வணங்கினார். அதற்குப் பிறகு அவளை அங்கே கூட்டிப்போகவில்லை. வெளிநாட்டுக்கும் கூட்டிப்போகவில்லை. தகப்பனோடும் தகப்பனின் தாயோடும் விட்டுவிட்டுப் போனார். தகப்பன் செத்தபோது இவர் வேறொரு நாட்டில் பாடிக்கொண்டிருந்தார், ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார்.

"எனக்கு இப்ப வேறை ஆசை ஒண்டுமில்லை. ஒரு இடத்திலயாவது, எனக்கு விளங்காத பாசையிலயாவது, நான் அவளின்ர தாய் எண்டு ஆரும் சொல்லவேணும். ஆனா அவள் ஓமெண்டால் மட்டும்தான்."

மகளின் அந்த ஓம், அந்தச் சம்மதம், எங்கள் வானொலிக்கும் வேண்டும். மரண அறிவித்தலில் வருகிற சண்டைகள் வெளியாட்களுக்குத் தெரியாது. தமையனின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிற தம்பிகள் இருக்கிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாத மருமகளின் பெயரைச் சேர்த்துவிட்டதற்கு அவள் ஸ்ரூடியோவுக்கே வந்து குமுறிவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் எங்களிடம் ஒரு விதி உண்டு. உயிரோடு இருப்பவர் வேண்டாமென்றால் அவருடைய பெயரை வாசிப்பதில்லை.

தாய் கேட்டால் நாடகம் என்று மகள் சொல்வாளாம். ஆகவே நான் ரெலிபோன் எடுத்தேன். அடுத்த வீட்டு விசயத்தில் மூக்கை நுழைப்பதற்கு என்னைவிட்டால் ஆளில்லை.

நான் யார், என்ன வேலை, உங்கள் அம்மா என்ன கேட்கிறார் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டாள். "அவவுக்கு ஏலாமல் வருது. இந்தக் கோடையைக் காணமாட்டா எண்டு சொல்லினம்" என்றேன்.

"அவ முந்தியும் செத்திருக்கிறா" என்றாள் மகள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எங்கட அறிவித்தலில அவவின்ர பாட்டுக்கு ஒரு சொல்லுத்தான் இடம். மிச்சம் எல்லாம் நீங்கள்தான். அதைத்தான் அவ கேக்கிறா" என்று சத்தமாகவே சொன்னேன். "என்ர பேரைப் போடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பொய் சொல்லலாமா என்று எலிவேற்றரில் போகும்போது யோசித்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்ப அந்த இடத்தில ஒண்டும் சொல்லாதையும். விட்டிட்டுப் போகவும் வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா இரும், பிறகு மிச்சத்தை வாசியும்" என்றார். பிறகு என்னை முழுவதையும் வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த இடம் வந்ததும் அவர் கை உயர்ந்து அப்படியே நின்றது. அது இறங்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனி உருகி, தெருவோரம் அழுக்காகக் கிடந்த நாட்களில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியசாலை மகளுக்கு அறிவித்தது. அவள் வந்தாள் என்று தாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது தாய்க்கு நினைவில்லை. நான் போன நேரமெல்லாம் மகள் கோப்பி வாங்கப் போயிருந்தாளோ, என்னைத் தவிர்த்தாளோ, சந்திக்கவில்லை. ஒரு காலையில் அவர் காலமானார்.

எங்கள் வானொலிப் பொறுப்பாளர் என் கடதாசியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அக்கா, உவ எங்கட ஆள் இல்லையே."

"வதிவிடம் ரொறன்ரோ. காலமை எட்டு மணிக்கு எங்கட றேடியோ கேக்கிறவ. வேறை என்ன வேணும்?" என்றேன். அவர் கடதாசியை மறுநாள் கட்டில் செருகிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் மகள் ரெலிபோன் எடுத்தாள். "நாளைக்குத்தானே வாசிக்கிறியள்? வந்து கேக்கலாமோ?"

மறுநாள் நல்ல பனிமூட்டம். பிக்கரிங்கிலிருந்து ரெயின் பிடித்து, பிறகு பஸ்ஸில் வந்திருந்தாள். தலைமயிரில் ஈரம். ஐம்பது வயதுக்காரி, தாயின் அதே நெற்றி. எனக்கு அவள்மேல் இருந்த கோபத்தைத் தேடினேன், அகப்படவில்லை. எனக்கு எதிரே கதிரையில் இருத்தினேன். நடுவில் ஒரே ஒரு மைக். எட்டு மணியாக இன்னும் கொஞ்சம் இருந்தது.

"ரெண்டு நாள் பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டே இருந்தனான்" என்றாள், மைக்கைப் பார்த்தபடி. "எல்லாம் முடிஞ்ச பிறகும் கனநேரம் இருந்தனான். இந்தமுறை எழும்பேல்லை."

சிவப்பு விளக்கு எரிந்தது. அன்றைக்கு மூன்று அறிவித்தல்கள். இவருடையது கடைசி. மற்ற இரண்டையும் வாசித்தபோது அவள் தாய் கேட்டதுபோலவே தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும் என்று தொடங்கினேன். தாயின் பெயர் வந்தபோது அவள் மேசை விளிம்பைப் பிடித்தாள். கொண்டக்டரையும் அவர் மனைவியையும் கடந்தேன். கொம்பு ஊதியவரின் பாசமிகு மனைவியும் என்று சொல்லி நிறுத்தினேன்.

ஸ்காபுரோவிலும் மார்க்கம் நகரிலும் சமையலறைகளில், கார்களில், அந்த நேரம் எத்தனையோ பேர் என் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்திருப்பார்கள். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். ஒரு சொல்லும் தமிழ் தெரியாதவள். ஆனால் தகப்பனின் பெயருக்குப் பிறகு வந்த அந்த மௌனம் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேசைமேல் சரிந்து மைக்குக்குக் கிட்ட வந்து, தெளிவாக, தாயைப் போலவே ஒரு நல்ல மூச்சு எடுத்துத் தன் பெயரைச் சொன்னாள்.

"அவர்களின் அன்புத் தாயாரும் ஆவார்" என்று நான் வாசித்து முடித்தேன்.